மந்திரவாதி வேடம்: ஒரு வாக்கியம் பிறந்த கதை

மேஜிக் கலைஞர்கள் நாலு பேர் கூடி உட்கார்ந்தால் ஒரு வழக்கு எப்படியும் வந்துவிடும். வித்தை காட்டுகிறவர் நடிப்பைத் தனியாகப் போய்ப் படிக்க வேண்டுமா, கைப்பழக்கம் இருந்தால் போதாதா? படிக்க வேண்டும் என்கிற கட்சியிடம் ஒரு துருப்புச் சீட்டு எப்போதும் தயாராக இருக்கும். மேஜிக்காரன் என்பவன் மந்திரவாதி வேடம் போட்ட நடிகன்தான் என்று பிரான்ஸின் ரொபேர்-ஊதான் அந்தக் காலத்திலேயே சொல்லியாயிற்று என்பார்கள். அதோடு எதிர்க்கட்சி வாயை மூடிக்கொள்ளும். நவீன மேஜிக்கின் தந்தை என்று பேர் வாங்கிய மனுஷன் சொன்னதை யார் தட்டுவது?

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் கேட்டுக்கொண்டு தலையாட்டினேன். அந்த வாக்கியம் குடியிருக்கும் பக்கத்தைத் தேடிப் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. நடிப்புக்குப் பரிந்து பேசுவதற்காக அவர் அதை எழுதவே இல்லை. அது பிறந்தது ஒரு பெயர்ச் சண்டையில்.

பிரெஞ்சுக்காரர்கள் வித்தைக்காரரை முதலில் 'எஸ்கமோத்தர்' என்றுதான் அழைத்து வந்தார்கள். மூன்று கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்து, அடியில் தக்கைப் பந்தைப் போட்டு மறைத்து எடுக்கும் விளையாட்டில் அந்தப் பந்துக்குப் பேர் எஸ்கமோத். அதை வைத்துப் பிழைக்கிறவர் எஸ்கமோத்தர். நம் ஊரிலும் கதை இதேதான். செப்பு என்ற சிறு கிண்ணத்தை வைத்துச் செய்கிற வித்தை செப்பிடு வித்தை; பேச்சில் தேய்ந்து செப்படி வித்தை. ஒரே விளையாட்டைப் பார்த்து ஒரு மொழி பந்தைப் பிடித்துக்கொண்டது, இன்னொரு மொழி கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டது.

சந்தையில் புழங்கிய இந்தப் பேர் ழூல் த ரொவேர் என்ற வித்தைக்காரருக்குப் பிடிக்கவில்லை. பெரிய இடத்துப் பிள்ளை. தொழிலுக்கும் ஒரு கௌரவமான பேர் வேண்டாமா? 1815-இல் விரைவைக் குறிக்கும் சொல்லையும் விரலைக் குறிக்கும் லத்தீன் சொல்லையும் ஒட்டி 'ப்ரெஸ்திதிழித்தாத்தர்' என்று ஒன்றைச் செய்தார். தமிழில் 'விரைவிரலோன்' என்று வைத்துக்கொள்ளலாம். வாயில் நுழையாத பேருக்கு எப்போதும் ஒரு மரியாதை உண்டு. அகராதியும் அதைச் சேர்த்துக்கொண்டது, சுவரொட்டிகளும் சேர்த்துக்கொண்டன.

ஐம்பது வருஷம் கழித்து, 1868-இல், ரொபேர்-ஊதான் தன் தொழில் ரகசியங்களைப் புத்தகமாக வெளியிட்டார். அதில் இந்தப் பேரை எடுத்து வைத்துக்கொண்டு குறைபட்டார். அவருடைய வாதம் இவ்வளவுதான்: இந்தத் தொழிலுக்கு விரைவிரல் எதற்கு? பந்துகளை எறிந்து பிடிக்கிறவனுக்கு வேகம் வேண்டும். நாங்கள் அவன் இல்லை, மந்திரவாதியாக நடிக்கிறவர்கள். எங்கள் விரலுக்கு வேண்டியது சாமர்த்தியம், வேகம் அல்ல. இதற்கு மேலும் ஒரு படி போய், கை எவ்வளவு அமைதியாக அசைகிறதோ அவ்வளவு சுலபமாகக் கண் ஏமாறும் என்கிறார்.

ஆக, நடிகன் என்ற சொல் அங்கே வந்தது வேகத்தை மறுக்க. இதைச் சொன்னவர் பந்து எறியத் தெரியாதவரும் இல்லை. சொந்த ஊரான ப்ளுவாவில் கால் ஆணி எடுக்கும் ஒருவரிடம் காசு கொடுத்து அதைக் கற்றவர். நான்கு பந்துகளை ஆகாயத்தில் சுழலவிட்டுக்கொண்டே எதிரே புத்தகம் வைத்து வாசிக்கிற அளவுக்குப் பழகியதாகத் தன் வாழ்க்கைக் கதையில் எழுதியிருக்கிறார். வேகம் கைவசம் இருந்தவர் வேகம் வேண்டாம் என்கிறார் என்றால், நடுவில் ஏதோ நடந்திருக்க வேண்டும்.

நடந்தது 1845 ஜூலை 3-ஆம் தேதி ராத்திரி.

அதுவரை அவர் கடிகாரக்காரர். 1805-இல் பிறந்தார்; பிறந்த பேர் ழான் யூழேன் ரொபேர்; அப்பாவும் கடிகாரக்காரர். பாரிஸில் கடிகாரத் தொழில் செய்துவந்த ஊதான் குடும்பத்துப் பெண்ணைக் கட்டி, மாமனார் பேரைத் தன் பேரோடு சேர்த்துக்கொண்டார். கடிகாரத் தொழில் பற்றிய நூலைக் கேட்டவருக்குக் கடைக்காரர் தவறுதலாக வித்தைப் புத்தகத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டார், அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பம் என்று அவர் சொல்லும் கதை பிரபலம். தொர்ரீனி என்ற நாடோடி வித்தைக்காரர் தனக்குக் குருவாக வாய்த்ததாகவும் அத்தியாயம் அத்தியாயமாக எழுதியிருக்கிறார். அப்படி ஒருவர் இருந்ததற்கே தடயம் இல்லை, அவரே படைத்த பாத்திரம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. நடிகன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர் குருவையும் எழுதிக்கொண்டார், அவ்வளவுதானே.

பாரிஸின் பாலே ரொயால் வளாகத்தில் ஏறக்குறைய இருநூறு பேர் உட்காரும் சின்ன அரங்கு. விசை முடுக்கிய பொம்மைகள், மறைவான இயந்திரங்கள் எல்லாம் அவர் கையாலேயே செய்தவை. வருஷக்கணக்கான தயாரிப்பு. வயதோ நாற்பதைத் தொடப் போகிறது. திரை விலகியது, மனுஷனுக்கு நாக்கு குழறியது. படபடவென்று ஒரே சுருதியில் ஒப்பித்தார். கை தெரிந்ததையெல்லாம் செய்தது, ஆனால் வாய் அதை விரட்டிக்கொண்டே போனது. வித்தை ஏதும் உடைந்துபோகவில்லை; ஆனாலும் காட்சி உடைந்துபோயிற்று. அன்றிரவு தூக்கமில்லை. விடிந்ததும் அரங்கை மூடிவிடுவதென்று முடிவு.

அடுத்து நடந்ததை அவர் சொல்லும் விதம் ரசமானது. நண்பர் ஒருவர் வந்தார். அரங்கை மூடப் போகிறேன் என்றதும் ஆறுதல் சொல்லாமல், நல்ல முடிவு, இது நடக்கிற காரியமில்லை என்று எனக்கு அப்போதே தெரியும் என்றாராம். சுருக்கென்றது. மூடுவதாக இருந்தவர் அந்தக் கோபத்திலேயே அன்றைய காட்சிக்குச் சுவரொட்டி எழுதி அனுப்பினார். ரோஷத்தில் திறந்த அரங்கு பிறகு பாரிஸின் அடையாளங்களில் ஒன்றாகிவிட்டது.

அந்த முதல் இரவில் அவரிடம் இல்லாதிருந்தது என்ன? கை இருந்தது, கருவி இருந்தது, இடம் இருந்தது. மேடையில் நிற்க ஓர் ஆள்தான் இல்லை. கடிகாரக்காரர் ஒருவர் மந்திரவாதியின் சாமான்களோடு வந்து நின்றிருக்கிறார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த முரண் ஒன்று உண்டு. மந்திரவாதி வேடம் என்று எழுதிய இதே ஆள்தான் மந்திரவாதி உடுப்பை மேடையிலிருந்து விரட்டியவர்களில் ஒருவர். கூம்புத் தொப்பி, நட்சத்திரம் பதித்த அங்கி, தரையைத் தொடும் விரிப்புக்கு அடியில் கையாள் ஒளிந்திருக்கும் மேசை, எதுவும் அவரிடம் கிடையாது. மேடையைப் பணக்கார வீட்டு வரவேற்பறை மாதிரி அமைத்தார். மேசைகளுக்குக் கால்கள் தெரிந்தன. தானும் மாலை விருந்துக்குப் போகிற கனவான் உடையில் வந்து நின்றார். (இப்படி உடுத்தியதில் இவர்தான் முதல் ஆள் என்று அடித்துச் சொல்வார்கள், இவருக்கு முன்பும் சிலர் உண்டு.) தெருக்கூத்தில் வேடம் கட்டியவர் கிரீடமும் புஜகீர்த்தியும் வைத்த பிறகு பாதி வேலையை அவை பார்த்துக்கொள்ளும். கிரீடத்தைக் கழற்றிவிட்டால்? மந்திரவாதி எங்கே இருப்பான்? பேச்சில், நிற்கிற நிலையில், தன் கையைத் தானே பார்க்கிற பார்வையில். உடுப்பைக் கழற்றியதால் நடிப்பு தேவைப்பட்டது.

அந்த நடிப்பு எப்படி வேலை செய்தது என்பதற்கு மெட்ராஸிலிருந்தே ஆரம்பிக்கிற ஒரு சாட்சி இருக்கிறது. 1830-ஐ ஒட்டிய ஆண்டுகளில் மெட்ராஸில் சேஷால் என்று ஆங்கிலேயர் குறித்து வைத்த ஒரு பிராமணர், ஒரு கையை மட்டும் ஊன்றுகோலில் வைத்தபடி தரையைத் தொடாமல் அந்தரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்து காட்டினார். ஏறும்போதும் இறங்கும்போதும் துணியைக் கட்டி மறைப்பார்கள். மூச்சை அடக்கும் யோகம் என்பது பேச்சு. இந்தச் செய்தி லண்டன் பத்திரிகைகளில் படத்தோடு வந்து ஐரோப்பா முழுக்கப் பரவியது.

1846 அக்டோபரில் பாஸ்டன் நகரில் ஈதர் கொடுத்து மயக்கி அறுவை சிகிச்சை செய்து காட்டினார்கள். பாரிஸில் எங்கு பார்த்தாலும் அதே பேச்சு. 1847-இல் ரொபேர்-ஊதான் தன் மகனை மேடைக்கு அழைத்து வந்து ஒரு புட்டியை மூக்கருகே காட்டினார். பையன் கண் செருகியது. முழங்கை மட்டும் ஒரு கோலில் பதிந்திருக்க, அவனை ஒரு விரலால் தூக்குவது போலப் படுக்கைவசமாக உயர்த்தி அந்தரத்தில் நிறுத்தினார். புட்டியில் எதுவும் இல்லை. ஆனால் அரங்கு முழுக்க ஈதர் வாடை. மேடைக்குப் பின்னால் பழுக்கக் காய்ந்த இரும்பில் ஓர் ஆள் ஈதரைத் தெளித்துக்கொண்டிருந்தார்.

அந்தரத்தில் ஆளை நிறுத்துவது மெட்ராஸ் பார்த்ததுதான். பாரிஸுக்கு யோகம் சொன்னால் எடுபடாது, அதனால் கதை மாறிற்று. அப்பாவே பெற்ற பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுக்கிறாரே என்று கொதித்துக் கடிதம் எழுதினார்களாம். நடிப்புக்கு இதைவிடச் சான்றிதழ் வேண்டாம். சேஷாலின் பேரை மட்டும் யாரும் சுவரொட்டியில் போடவில்லை.

இன்னொரு சாட்சியைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பாரிஸில் அவரிடம் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. சொன்னால் லேசாகும், சொன்னால் யாரும் தூக்க முடியாதபடி கனக்கும். அடியில் மின்காந்தம். பணத்தைத் திருடர்களிடமிருந்து காக்கும் பெட்டி என்று சொல்லிக் காட்டினார். ஜனங்கள் ரசித்தார்கள், அவ்வளவுதான். 1856-இல் பிரெஞ்சு அரசு அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியது. அங்கே பிரான்ஸுக்கு எதிராக மக்களைத் திரட்டுவதாக அரசு சந்தேகித்த மரபூத் துறவிகளின் செல்வாக்கை, அவர்களைவிடப் பெரிய மந்திரவாதி எங்களிடம் இருக்கிறான் என்று காட்டி உடைப்பது திட்டம். அதே பெட்டி, அதே காந்தம். வசனத்தை மட்டும் திருப்பிப் போட்டார். பெட்டி கனக்கும் என்று சொல்லவில்லை. மேடைக்கு வந்த பலசாலியைப் பார்த்து, உன் பலத்தை எடுத்துவிட்டேன், இனி நீ பெண்பிள்ளை என்றார். அவன் மூச்சைப் பிடித்து இழுத்தான், பெட்டி அசையவில்லை. கைப்பிடியில் மின்சாரம் பாய்ந்ததும் அலறிக்கொண்டு ஓடினான் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். இந்தக் கதையின் வெற்றி அளவை அவர் சொல்லை மட்டும் நம்பி ஏற்க முடியாது. ஒரு நாட்டை அடக்கி வைக்கக் கலையை வாடகைக்கு விட்ட வேலை இது. மேஜிக் புத்தகங்கள் இதைச் சாகசம் மாதிரி பாடுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஆனாலும் தொழில் கணக்கில் இதைத் தள்ள முடியவில்லை. பாத்திரங்களின் உறவு மாறியதும் வேடிக்கைப் பெட்டி பயமாகிவிட்டது.

இனி அந்த வாக்கியம் எப்படிப் பயணம் போனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1878-இல் புரொபசர் ஹாப்மன் என்ற புனைபெயரில் எழுதிய ஆங்கிலேய வழக்கறிஞர் அந்த நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். அங்கிருந்து வாக்கியம் தனியே கழன்று ஊர் சுற்றக் கிளம்பியது. போகிற வழியில் பந்து எறிகிறவனைப் பற்றிய முன்பாதி உதிர்ந்தது. வேகம் வேண்டாம் என்ற பின்பாதியும் உதிர்ந்தது. நடிகன் மட்டும் மிஞ்சினான். 1943-இல் டேரியல் பிட்ஸ்கி மேஜிக்காரர்களுக்கென்றே மேடைக்கலைப் புத்தகம் போட்டார். 1969-இல் நாடக இயக்கம் தெரிந்த ஹென்னிங் நெல்ம்ஸ் இன்னொன்று எழுதினார். நடிப்பைத் தனிப் பாடமாகப் படி என்ற குரல் இப்படி வலுத்தது.

அதன் விளைவு எல்லாம் நல்லதில்லை. நடிப்பு என்றால் குரலை ஏற்றி இறக்குவது, கையை விரிப்பது, பின்னணி இசைக்குப் புகைக்குள்ளிருந்து முறைப்பது என்று எடுத்துக்கொண்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு ஐட்டம் முடிந்ததும் கைதட்டலுக்கு நிற்கிற அந்த நிலை ஒன்றே போதும், கட்டிய வேடம் கலைந்துபோக. நிஜமாகவே மந்திரம் தெரிந்தவன் எதற்குக் கைதட்டலை எதிர்பார்க்கப் போகிறான்?

ஹூடினியை எடுத்துக்கொள்ளுங்கள். ரொபேர்-ஊதானின் பேரோடு ஓர் 'இ' சேர்த்து வைத்துக்கொண்ட மானசீகச் சிஷ்யப்பிள்ளை; பிறகு 1908-இல் குருவையே கிழித்துப் புத்தகம் போட்டவர். மேடையில் விலங்கு பூட்டி நின்றால் ஆயிரம் பேர் மூச்சை அடக்குவார்கள். 1919-இல் 'தி கிரிம் கேம்' உட்பட மௌனப் படங்களில் நடித்தார். குதிப்பதிலும் தொங்குவதிலும் குறையில்லை, காதல் காட்சியில் மரக்கட்டை. அப்படியானால் அவருக்கு நடிக்கத் தெரியாதா? ஹூடினி என்ற ஒரே பாத்திரத்தை நடிக்கத் தெரியும். அதற்கு மட்டும் அவருக்கு ஈடு கிடையாது.

கார்டினி என்ற மேடை வித்தைக்காரரிடம் இது இன்னும் துல்லியம். ஒற்றைக் கண்ணாடியும் தலையில் உயரத் தொப்பியும் கையுறையுமாக, லேசாகப் போதையேறிய ஆங்கிலக் கனவானாக வருவார். பேச்சே கிடையாது. கையில் சீட்டு விசிறி தானாக முளைக்கும்; அவர் அதைக் கண்டு திடுக்கிடுவார். தூக்கி எறிவார், மறுபடி முளைக்கும். இந்தச் சனியன் எங்கிருந்து வருகிறது என்று கண்ணாடி நழுவப் பார்ப்பார். வித்தை காட்டுகிற ஆளாகவே இல்லாமல், வித்தை யாருக்கு நேர்கிறதோ அந்த ஆளாக நின்றார். கையுறை போட்ட விரல்களால் சீட்டுகளை ஒவ்வொன்றாக விரிப்பது அசுர சாதகம். ஆனால் அந்தத் திடுக்கிடல் இல்லாவிட்டால் அதெல்லாம் வெறும் சாதகம்தான்.

இதை என் மேலேயே சோதித்துப் பார்த்த அனுபவம் ஒன்று உண்டு. நாணய வித்தை ஒன்றைக் கண்ணாடி முன் நின்று மாதக்கணக்கில் பழகினேன். வலக் கையிலிருக்கும் நாணயத்தை இடக் கைக்கு மாற்றுவது போலப் பாவனை; நாணயம் வலக் கையிலேயே தங்கிவிடும். மேஜிக்காரர்கள் பாஷையில் பாம் பண்ணுவது. கை படிந்துவிட்டது என்று நம்பிக்கை வந்ததும் அக்கா மகனிடம் காட்டினேன். ஆறு வயது. இடக் கையை மூடி நீட்டி, "ஊது" என்றேன். அவன் ஊதவில்லை. "மாமா, அந்தக் கையைத் தொறங்க" என்று வலக் கையைக் காட்டினான். விரல் ஒன்றும் பிசகவில்லை. என் கண்தான் ஒரு நொடி வலப்பக்கம் போய் வந்திருக்கிறது. இடக் கையும் நாணயம் வைத்திருக்கிற கை மாதிரி இல்லை. கல்லைப் பிடித்தது போல இறுகியிருந்தது. காசு வைத்திருக்கிறவன் அதை நசுக்குவானா?

கண்ணுக்கு இவ்வளவு வலிமையா என்றால், கணக்கே இருக்கிறது. குஸ்தாவ் குன், மைக்கேல் லாண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2006-இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். வித்தைக்காரர் பந்தை இரண்டு முறை மேலே எறிந்து பிடிக்கிறார். மூன்றாம் முறை எறிவது போலப் பாவனை மட்டும். அப்போது அவர் கண் இல்லாத பந்தின் பின்னாலேயே மேலே போனால், பார்த்தவர்களில் 68 சதவீதம் பேர் பந்து மேலே போய் மறைந்ததைக் 'கண்டார்கள்'. பந்தை ஒளித்த கையை அவர் பார்த்தால் அது 32 சதவீதமாக இறங்கிவிட்டது. கை இரண்டு முறையும் செய்தது ஒன்றேதான்.

பேசுகிற பேச்செல்லாம் பொய்யாக இருந்தாலும் பேசுகிறவன் முதலில் அதைத் தானே நம்ப வேண்டும் என்று ரொபேர்-ஊதான் அதே 1868 புத்தகத்தில் அறிவுறுத்துகிறார். நாடகத்துக்காரர்களுக்கு இது பழகிய பாடம். ரஷ்யாவின் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி தன் நடிப்பு நூலில் மாணவனை வெறுங்கையால் பணம் எண்ணச் சொல்கிறார். நோட்டு இல்லை, கட்டிய நூல் இல்லை. மாணவன் அவசரமாக விரலை ஆட்டுகிறான், ஆசிரியர் நிறுத்துகிறார். நூல் முடிச்சை அவிழ்த்தாயா, ஓரங்களைத் தட்டிச் சேர்த்தாயா, ஒவ்வொரு நோட்டையும் உறுதி பார்த்தாயா? வித்தைக்காரனுக்கு வேண்டியதும் இதே பயிற்சிதான். நடிகன் இல்லாத நோட்டை இருப்பதாக நம்புகிறான். வித்தைக்காரனுக்கு அதோடு இன்னொரு சுமை: இன்னொரு கையில் இருக்கும் நாணயத்தை இல்லையென்றும் நம்ப வேண்டும். நடிகனுக்கு இந்த இரண்டாவது பாதி கிடையாது. அதனால்தான் நல்ல நடிகர்கள் மேஜிக் கற்றாலும் எடுத்த எடுப்பில் சோபிப்பதில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நடிப்புப் பள்ளிக்குப் போகலாமா என்று கேட்கிற இளைஞர்களுக்கு நான் சொல்வது, வசன உச்சரிப்புக்கும் நவரசத்துக்கும் போகாதே, வெறுங்கையால் நோட்டு எண்ணுவதைச் சொல்லித்தருகிற ஆசிரியர் கிடைத்தால் போ என்பதுதான். கூடவே, உன் ஐட்டத்தை வெளியே உட்கார்ந்து பார்த்து, பொய் தெரிகிறது என்று சொல்ல ஓர் இயக்குநர். சீட்டு வித்தையில் பெரும் புலியான ரிக்கி ஜே கூட 1994-இல் நியூயார்க்கில் தன் தனிக்காட்சியை நாடகாசிரியர் டேவிட் மாமெட்டின் இயக்கத்தில்தான் மேடையேற்றினார்.

நாணயத்துக்கு வருகிறேன். அன்று ராத்திரி பழக்கத்தை மாற்றினேன். நாணயத்தை நிஜமாகவே இடக் கைக்கு மாற்றி, அதன் குளிர்ச்சி உள்ளங்கையில் எங்கே படுகிறது, எந்த விரல் முதலில் மடிகிறது, அந்த நேரம் வலக் கை எப்படி அக்கறையில்லாமல் கீழே இறங்குகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது தடவை நிஜம், ஒரு தடவை பொய். மறுபடி இருபது நிஜம். ஒரு வாரம் கழித்து அக்கா வீட்டுக் கூடத்தில் மறுபடி உட்கார்ந்தோம். கையை மூடினேன். அவன் என் முகத்தையும் இடக் கையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு குனிந்து, கன்னம் உப்ப, ஊதினான்.